ஒரே மாத்திரை, இரண்டு செல்கள்: சாவது எது? பிழைப்பது எது?

 

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு "செல்". செல்போன் இல்லைங்க, நம்ம உடம்புல இருக்குற செல்! "அதான் எட்டாம் வகுப்புலேயே படிச்சாச்சே" என்று நகர்ந்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறுபாடு எழுதுக என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து மார்க்கும் வாங்கினேன். ஆனால் எங்கள் உயிரியல் டீச்சர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

டீச்சர் கேட்ட கேள்வி

போன வருடம் எனக்குத் தொண்டை வலி, காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, "இது பாக்டீரியாவால வந்திருக்கு. அஞ்சு நாள் மாத்திரை, விடாம சாப்பிடணும்" என்றார். இரண்டே நாளில் காய்ச்சல் போய்விட்டது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? வயிறு புண்ணாயிடும்" என்று பாட்டி சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது. மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பத்து நாளில் அதே காய்ச்சல் திரும்ப வந்தது. இந்த முறை முன்பை விட மோசம். ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. அதற்கு நடுவில் என் தம்பிக்குச் சளி பிடித்தது. வீட்டில் இருந்த மிச்ச மாத்திரையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குச் சளி குறையவே இல்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "ஏம்மா, நீ முழுங்குன மாத்திரை ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகுது. பாக்டீரியாவும் செல்லுதான், உன் தொண்டையும் செல்லுதான். பாக்டீரியாவை மட்டும் கொன்னுட்டு உன்னை ஏன் விட்டுச்சு?"

நான் முழித்தேன். "நீ அஞ்சு மார்க் வாங்குன வேறுபாட்டு அட்டவணையிலேயே பதில் இருக்கு. போய் மறுபடியும் படி" என்றார். படித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொஞ்சம் வரலாறு

1665-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக், தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு மாதிரி சிறு சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு "செல்" என்று பெயர் வைத்தார். சிறிய அறை என்று பொருள். உண்மையில் அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவர்களைத்தான்.

உயிருள்ள நுண்ணுயிரிகளை முதலில் பார்த்தவர் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி ஆண்டன் வான் லீவன்ஹூக். அவர் 1670-களில் தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையில் குளத்து நீரைப் பார்த்தார். 1831-ல் ராபர்ட் பிரௌன் தாவர செல்லின் நடுவே இருந்த உருண்டைக்கு "நியூக்ளியஸ்" என்று பெயரிட்டார். நாம் உட்கரு என்கிறோம். 1838-ல் ஷிலைடன் தாவரங்களுக்கும், 1839-ல் ஷ்வான் விலங்குகளுக்கும், "எல்லா உயிரும் செல்லால் ஆனது" என்றார்கள். பின்னர் 1855-ல் விர்ச்சோ, "செல் என்பது இன்னொரு செல்லிலிருந்துதான் வரும்" என்றார்.

எல்லாம் செல்தான். ஆனால் எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்லை. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

தள்ளுவண்டிக் கடையும் கல்யாண மண்டபமும்

உலகத்தில் உள்ள செல்களை இரண்டு பெரிய வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, புரோகேரியோட்டிக் செல். பாக்டீரியா இந்த வகை. இரண்டு, யூகேரியோட்டிக் செல். காளான், அமீபா, தென்னை மரம், பூனை, நீங்கள், நான் எல்லோரும் இந்த வகை.

புரோகேரியோட்டிக் செல்லைத் தெருமுனைத் தள்ளுவண்டி இட்லிக் கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டி. அதிலேயே அடுப்பு, மாவு, சட்னி, கல்லாப்பெட்டி எல்லாம். தனி அறை கிடையாது. ஆனால் வேலை படுவேகம்! "நாலு இட்லி" என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும். பாக்டீரியாவும் அப்படித்தான். அதன் டி.என்.ஏ. வட்டமாக, எந்த உறையும் இல்லாமல் சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும். டி.என்.ஏ.வைப் படித்துச் செய்தி எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புரதம் தயாராக ஆரம்பித்துவிடும்.

யூகேரியோட்டிக் செல் ஒரு கல்யாண மண்டபம். சமையலறை தனி, பந்தி தனி, சாமான் அறை தனி. அளவிலும் பெரியது. பாக்டீரியா பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளம்தான் இருக்கும். நம் செல்கள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்.

மண்டபத்துக்குள் ஒரு சுற்று

வாங்க, கல்யாண மண்டபத்துக்குள்ளே போய்ப் பார்க்கலாம்.

செல் சவ்வு: வாசலில் நிற்கும் வரவேற்புக் குழு. யாரை உள்ளே விடணும், யாரை விடக்கூடாது என்று பார்த்துதான் விடும். கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது.

உட்கரு: தலைமைச் சமையல்காரரின் அறை. அங்கேதான் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அந்த நோட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது. தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்புவார்கள். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ.

ரிபோசோம்: நகலைப் படித்துச் சமைக்கும் ஆட்கள். இவர்கள் சமைப்பது புரதம். ஒரு செல்லில் லட்சக்கணக்கில்கூட இருப்பார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்கள்.

எண்டோபிளாச வலை: நீளமான சமையல் கூடம். ரிபோசோம் ஒட்டியிருந்தால் சொரசொரப்பான வலை, அங்கே புரதம் தயாராகும். ஒட்டாமல் இருந்தால் வழவழப்பான வலை, அங்கே கொழுப்புப் பொருள்கள் தயாராகும்.

கோல்கை உறுப்பு: தாம்பூலப் பை போடும் இடம். வந்த புரதத்தைச் சரிசெய்து, பையில் போட்டு, எங்கே போகணுமோ அங்கே அனுப்பும். 1898-ல் இதைக் கண்டவர் இத்தாலியின் காமில்லோ கோல்கை.

லைசோசோம்: பந்தி முடிந்ததும் இலை எடுத்துச் சுத்தம் செய்பவர். பழுதான பொருள்களையும் உள்ளே வந்த கிருமிகளையும் நொதிகளால் செரித்துவிடும்.

மைட்டோகாண்ட்ரியா: அடுப்பு. உணவிலிருந்து ஆற்றலை எடுத்து ஏ.டி.பி. என்ற வடிவில் கொடுக்கும். ஓடுகிற தசையில் நிறைய இருக்கும்.

நுண்குமிழ்: தண்ணீர்த் தொட்டி. தாவர செல்லில் நடுவே பெரிசாக ஒன்று இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் இலை தொங்குவது இந்தத் தொட்டி வற்றுவதால்தான்.

தாவர செல்லில் மட்டும் கூடுதலாக, செல்லுலோஸால் ஆன செல் சுவரும் கணிகங்களும் உண்டு. பச்சை நிறக் கணிகம் பசுங்கணிகம், ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம். விலங்கு செல்லில் செல் சுவர் கிடையாது. இந்தக் கடைசி வரியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து மார்க் அட்டவணை

1. உட்கரு உறை: பாக்டீரியாவுக்கு இல்லை. நமக்கு உண்டு.
2. டி.என்.ஏ.: பாக்டீரியாவுக்குப் பொதுவாக வட்டம். நமக்கு உட்கருவுக்குள் நீள இழைகள், குரோமோசோம்களாக.
3. சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகள்: பாக்டீரியாவுக்கு இல்லை. நமக்கு உண்டு.
4. செல் சுவர்: பெரும்பாலான பாக்டீரியாவுக்கு உண்டு, பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் ஆனது. நமக்கு இல்லவே இல்லை.
5. ரிபோசோம்: பாக்டீரியாவுக்கு 70எஸ். நமக்கு 80எஸ்.

நான்காவது வரியையும் ஐந்தாவது வரியையும் மறுபடி படியுங்கள். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது!

பதில் ஒன்று: சுவரை உடைக்கும் மருந்து

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் தட்டில் பூஞ்சை விழுந்த இடத்தைச் சுற்றி பாக்டீரியா செத்துக் கிடப்பதைப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் பெனிசிலின்.

பெனிசிலின் என்ன செய்கிறது? பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது கற்களை ஒன்றோடொன்று சேர்க்கும் வேலையைத் தடுக்கிறது. சுவர் பலவீனமாகும். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே புகும். செல் உப்பி வெடித்துவிடும். நம் செல்லுக்குச் சுவரே இல்லை. இல்லாத சுவரை எப்படி உடைப்பது? அதனால்தான் நாம் பிழைக்கிறோம்.

பதில் இரண்டு: சமையல்காரரைப் பிடிக்கும் மருந்து

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் ஆகிய மருந்துகள் வேறு வழியில் போகின்றன. இவை பாக்டீரியாவின் ரிபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு புரதம் தயாரிப்பதைக் கெடுக்கின்றன. புரதம் சரியாகக் கிடைக்காவிட்டால் பாக்டீரியா வளர முடியாது. நம்முடைய 80எஸ் ரிபோசோமின் வடிவம் வேறு. பூட்டு வேறு என்றால் சாவி சேராது இல்லையா? அதே மாதிரிதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். 70எஸ் ரிபோசோம் 50எஸ், 30எஸ் என்ற இரண்டு துண்டுகளால் ஆனது. ஐம்பதும் முப்பதும் எண்பதுதானே? 70 எப்படி? "எஸ்" என்பது எடை இல்லை. வேகமாகச் சுற்றும்போது எவ்வளவு சீக்கிரம் அடியில் படிகிறது என்பதன் அளவு. சுவெட்பெர்க் என்ற சுவீடன் விஞ்ஞானியின் பெயர் அது. சேர்ந்திருக்கும்போது வடிவம் மாறுவதால் கூட்டல் கணக்கு ஒத்துவராது.

இந்த 30எஸ் துண்டின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1952-ல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி என்கிற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன்! முதலில் இயற்பியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், பிறகுதான் உயிரியல் பக்கம் வந்தார். 2000-ல் அவருடைய குழு 30எஸ் துண்டின் அமைப்பை எக்ஸ் கதிர் மூலம் கண்டறிந்தது. மருந்துகள் அதில் எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்பதையும் காட்டியது. 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் சேர்ந்து வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஒரு சின்ன ஆச்சரியம்

நம் செல்லுக்குள்ளேயும் பாக்டீரியா மாதிரி ஒன்று இருக்கிறது. அதுதான் மைட்டோகாண்ட்ரியா. அதற்குத் தனி டி.என்.ஏ. உண்டு, அதுவும் வட்டம். தனி ரிபோசோமும் உண்டு, அது நம் 80எஸ் வகையை விட பாக்டீரியா வகைக்கே நெருக்கம். "வெகு காலத்துக்கு முன்னால் ஒரு செல் பாக்டீரியாவை விழுங்கி, செரிக்காமல் கூடவே வைத்துக்கொண்டது, அதுதான் மைட்டோகாண்ட்ரியா ஆனது" என்ற கருத்தை 1967-ல் லின் மார்குலிஸ் விரிவாக எழுதினார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது.

அதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் சிலருக்குக் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். மைட்டோகாண்ட்ரியா ரிபோசோமில் பிறவியிலேயே ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே எந்த மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தம்பிக்கு ஏன் சளி குறையவில்லை?

சாதாரணச் சளியை உண்டாக்குவது வைரஸ். வைரஸ் ஒரு செல்லே இல்லை! அதற்கு பெப்டிடோகிளைக்கான் சுவர் இல்லை, சொந்த ரிபோசோமும் இல்லை. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., சுற்றிலும் ஒரு புரத உறை, சில வைரஸுக்கு அதற்கும் மேலே கொழுப்பு உறை. அவ்வளவுதான். அது நம் செல்லுக்குள் நுழைந்து நம் ரிபோசோமையே வேலை வாங்கிக்கொள்ளும். மருந்து பிடிக்க வேண்டிய ஆளே அங்கே இல்லாதபோது மாத்திரை என்ன செய்யும்? தம்பி சாப்பிட்டது வீண். வீண் மட்டுமில்லை, அவன் வயிற்றில் இருந்த நல்ல பாக்டீரியாக்களுக்கும் அடி விழுந்திருக்கும்.

எனக்கு ஏன் திரும்ப வந்தது?

மருந்து போனதும் எல்லா பாக்டீரியாவும் ஒரே நேரத்தில் சாகாது. இரண்டு நாளில் பெரும்பகுதி செத்திருக்கும், அதனால் காய்ச்சல் நின்றது. கொஞ்சம் தாங்கும் சக்தி உள்ளவை மிச்சம் இருந்திருக்கும். நான் மாத்திரையை நிறுத்தியதும் அவை பெருகின.

எவ்வளவு வேகமாகப் பெருகும்? ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். உணவும் இடமும் இருந்தால் ஒன்று, 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டிப்பாகி 107 கோடியைத் தாண்டும். கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள்!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாக்டீரியாவில் பெரிய வட்ட டி.என்.ஏ. தவிர, பிளாஸ்மிட் என்ற குட்டி வட்டங்களும் இருக்கும். மருந்தை எதிர்க்கும் வித்தை அதில் எழுதியிருந்தால், பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டு கைமாறுவது போல, ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். பிறகு அந்த மருந்து எனக்கு மட்டுமில்லை, என்னிடமிருந்து தொற்றியவருக்கும் வேலை செய்யாது. "அளவு குறைவாக மருந்து எடுத்தால் கிருமி எதிர்க்கப் பழகிவிடும்" என்று ஃபிளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு உரையில் எச்சரித்திருக்கிறார். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள், என்ன அளவு சொன்னாரோ அந்த அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

கண்ணால் பாருங்கள்

ஆய்வகத்தில் ஆசிரியர் அனுமதியோடு இரண்டு ஸ்லைடு போடுங்கள்.

ஒன்று: வெங்காய இதழின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். செங்கல் சுவர் மாதிரி செல்களும், உட்கருவும் தெரியும்.

இரண்டு: துளி தயிரைத் தண்ணீரில் கலந்து மெல்லிசாகப் பூசி, காய வைத்து, ஸ்லைடை லேசாகச் சுடரில் காட்டி, மெத்திலீன் நீலம் ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். 400 மடங்கில் பார்த்தால் சின்னச் சின்ன நீலக் குச்சிகளும் புள்ளிகளும் தெரியும். அவைதான் தயிர் பாக்டீரியா. உட்கருவைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது!

பரீட்சையில் இந்தத் தவறுகள் வேண்டாமே!

* "பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, எனவே டி.என்.ஏ. இல்லை" - தவறு. உறைதான் இல்லை, டி.என்.ஏ. உண்டு.
* "தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா இல்லை" - தவறு. பசுங்கணிகத்தோடு அதுவும் உண்டு.
* "எல்லாத் தாவர செல்லிலும் பசுங்கணிகம் உண்டு" - தவறு. வெங்காயம் பச்சையாகவா இருக்கிறது?
* "செல் சுவர் இருந்தால் அது தாவரம்தான்" - தவறு. பாக்டீரியாவுக்கும் காளானுக்கும்கூட உண்டு. பொருள்தான் வேறு.

மூளைக்கு வேலை

1. சமைப்பேன், சாப்பிட மாட்டேன். ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருப்பேன், எனக்குச் சவ்வு கிடையாது. நான் யார்?
2. மனித உடலில் முதிர்ந்த நிலையில் உட்கருவே இல்லாத செல் எது?
3. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல் சுவர் கிடையாது. பெனிசிலின் அதைக் கொல்லுமா?

விடைகள்: 1. ரிபோசோம். 2. ரத்தச் சிவப்பணு. 3. கொல்லாது. உடைக்கச் சுவர் வேண்டுமே!

முடிவாக...

டீச்சரிடம் போய் இந்தப் பதிலைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அஞ்சு மார்க் அப்பவே குடுத்துட்டேன். இப்பதான் நீ அதைச் சம்பாதிச்சிருக்கே" என்றார்.

வீட்டில் பாட்டியிடமும் சொன்னேன். 70எஸ், 80எஸ் எல்லாம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் போன மாதம் அவருக்குக் காலில் புண் வந்து டாக்டர் ஏழு நாள் மாத்திரை கொடுத்தபோது, காலண்டர் தாளில் ஒவ்வொரு நாளாக அடித்து, ஏழு நாளும் சாப்பிட்டு முடித்தார். "கிருமிக்குச் சுவர் இருக்குன்னு சொன்னியேடி, பாதியில விட்டா அது மறுபடி கட்டிக்குமில்ல?" என்றார். எனக்கு அது போதும்.

நீங்களும் உங்கள் வீட்டு அலமாரியில் பாதியில் விட்ட மாத்திரை அட்டை ஏதாவது இருக்கிறதா என்று இன்று சாயந்திரம் பாருங்கள். இருந்தால், இந்தக் கதையை வீட்டில் சொல்லுங்கள்.

 

- பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவி